கடுக்காய் ஏற்றிய கப்பலும் காதுக்குள்ளே ஒரு டிஸ்கோவும்

லண்டன் கிரீனிச்சில் நிற்கிற ‘கட்டி சார்க்’ கப்பலில் சைலன்ட் டிஸ்கோ நடத்தியிருக்காங்க. ஆம்பூர்ல மொட்டை மாடியில உக்காந்து ரெண்டு மூணு ராத்திரி அந்த வீடியோக்களைப் பார்த்தேன். 1869இல் கட்டின பாய்மரக் கப்பல். அதன் அடிப்பாகம் தலைக்கு மேலே கூரை மாதிரி நிக்குது. கீழே ஹெட்போன் மாட்டின கூட்டம் ஆடுது. பாட்டு காதுக்குள்ள மட்டும்தான். ஹெட்போனைக் கழட்டினா, கால் தேய்க்கிற சத்தமும் யாரோ சுதியில்லாம கூடப் பாடுறதும்தான் கேக்கும்.

‘பழைய கப்பல்ல இதென்ன கூத்து’ன்னு திட்ட இதை எழுதல. ராத்திரி ஆட்டம் அந்தக் கப்பலுக்கு அந்நியமே இல்லை. ராபர்ட் பர்ன்ஸோட ‘டாம் ஓ ஷான்டர்’ கவிதையில, குடிச்சிட்டு வீடு திரும்புற ஒருத்தன் பாழடைஞ்ச தேவாலயத்துல சூனியக்காரிகள் ஆடுறதைப் பார்த்துடறான். அதுல ஒருத்தி போட்டிருக்கிற குட்டைச் சட்டையோட பேர்தான் ‘கட்டி சார்க்’. கப்பலோட முகப்புச் சிலையும் அவள்தான். அப்புறம், காசு விஷயம். 2007இல் தீப்பிடிச்ச கப்பலை 2012லதான் மறுபடி திறக்க முடிஞ்சது. பழைய மரத்தையும் இரும்பையும் காப்பாத்தப் பணம் வேணும். டிக்கெட் போட்டு ஆட விடறதுல தப்பே இல்லை.

என் குறை வேற. அந்தக் கப்பல் எதைச் சுமந்ததுன்னு கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வாங்க: சீனத் தேயிலை. அது உண்மைதான், ஆனா பாதி உண்மை. கப்பல் கடலில் இறங்கின அதே 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. கொஞ்ச வருஷத்துல தேயிலையை நீராவிக் கப்பல்கள் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. கிடைச்ச சரக்கை ஏத்திக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்ச காலம் ஒண்ணு கட்டி சார்க்குக்கு இருக்கு. 1882-83இல் மெட்ராஸ், பீமுனிப்பட்டணம், காக்கிநாடான்னு நம்ம கரையோரமா வந்து லண்டனுக்கு ஏத்தின சரக்கு என்ன தெரியுமா? வெல்லம், செம்மரம், மான் கொம்பு, எருமைக் கொம்பு, அப்புறம் கடுக்காய்.

கடுக்காய்னா மத்த ஊர்ல சித்த மருந்து. எங்க பக்கம் தோல். குரோம் வர்றதுக்கு முன்னாடி இங்க பச்சைத் தோல் சுண்ணாம்புத் தொட்டியில ஊறி, முடி போய், ஆவாரம்பட்டைச் சாற்றுல பதப்பட்டு, கடைசியில கடுக்காய்த் தண்ணியில நிறம் தெளியும். அப்படிப் பதனிட்ட தோல் ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ங்கிற பேர்ல மெட்ராஸ் துறைமுகம் வழியா லண்டன் சந்தைக்குப் போச்சு. கடுக்காயும் தனிச் சரக்காப் போச்சு, ஏன்னா அங்கேயும் டேனரி இருந்தது. கிரீனிச்சிலேர்ந்து தேம்ஸ் ஓரமா மேற்கே போனா பெர்மாண்ட்ஸி. ஒரு காலத்துல லண்டனோட ஆம்பூர் அதுதான்.

இதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்த வீடியோவைத் திரும்பப் பார்த்தா, அங்க இல்லாத விஷயங்கள்தான் கண்ல படுது. கப்பல்ல சரக்கு இல்லை. காத்துல சத்தம் இல்லை. முரசுல தோல் இல்லை. கடைசியா சொன்னது குறை இல்லீங்க, அதுதான் எலக்ட்ரானிக் இசையோட அழகு. 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 கருவியில கிக் டிரம் சத்தத்தை ஒரு மின்சுற்றுதான் உண்டாக்குது. பறையை நெருப்புல காட்டிக் காய்ச்சுற மாதிரி எதையும் காய்ச்ச வேண்டாம். எந்தத் தோலும் இல்லாம வயித்தை அதிர வைக்கிற அடி அது. ஆனா வயித்துக்குப் போக அந்த அடிக்குக் காத்து வேணும், சுவர் வேணும். ஹெட்போன்ல அது காதோட நின்னுடுது. கப்பல் வெறும் பின்னணிப் படம் ஆயிடுது.

வேற மாதிரியும் செய்யலாம்னு காட்டறது ஜெர்மனியில் இருக்கிற ‘ஸ்டுப்னிட்ஸ்’. பாய்மரம் இல்லை, 1964இல் கிழக்கு ஜெர்மனி தன் மீன்பிடிப் படைக்காகக் கட்டின இரும்புக் கப்பல். 1992லேர்ந்து கலைஞர்கள் கையில இருக்கு. அங்க கச்சேரி நடக்கிறது மீன் அடுக்கின கிடங்குகளுக்குள்ளேயே. ஆடுறவங்களுக்குத் தாங்க நிக்கிற இடம் எதுக்காகக் கட்டினதுன்னு உடம்பிலேயே தெரியும். கப்பலோட பழைய வேலையை மறைக்காமலே அங்க இசை நடக்குது.

‘விடிய விடிய ஆடப் போற இடத்துல வரலாற்றுப் பாடமா?’ன்னு நீங்க கேக்கலாம். பாடம் வேண்டாம். ஆனா தேயிலை, வேகம், பாய்மரம்னு அழகான பாதியை மட்டும் வெச்சுக்கிட்டா, மிச்சப் பாதி சரக்கு ஏத்தி விட்ட ஊர்ல தங்கிடுது. எங்க ஊர்ல அது எப்படித் தங்கியிருக்குன்னு பாலாற்றைப் பார்த்தா தெரியும். 1996இல் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்குல, மாசு செய்தவரே அதுக்கு ஈடு கட்டணும்ங்கிறது நம்ம நாட்டுச் சட்டத்தின் பகுதின்னு உச்ச நீதிமன்றம் சொன்னதே இந்த டேனரிக் கழிவாலதான். இன்னிக்கும் இங்கேர்ந்து ஐரோப்பாவுக்கு ஷூ போகுது. அந்த வீடியோவுல ஆடுற கால்கள்ல எங்க ஊர்த் தையல் இருந்தா நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

நான் கேக்கறது சின்ன விஷயம். அடுத்த தடவை ஹெட்போனைக் கழட்டி ஸ்பீக்கர் வைங்க. சரக்கு அடுக்கின தளத்துக்கே ஆட்டத்தைக் கொண்டு போங்க. வாசல்ல ஒரு மூட்டை கடுக்காய் வைங்க. அது என்னன்னு நாலு பேர் கேட்டாலே போதும்.