கொடுத்த கையும் நாணிய முகமும்

சென்ற ஆடித் திங்களில் கொல்லிமலைக்குச் சென்றிருந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து செம்மேட்டில் இறங்கியதும் வல்வில் ஓரியின் சிலை எதிர்ப்பட்டது. உடன் வந்த ஆசிரிய நண்பர் தாளவாடிப் பக்கத்தவர். வீட்டில் கன்னடமும் வெளியில் தமிழும் பேசி வளர்ந்தவர். ஓரியைப் பற்றி வன்பரணர் புறநானூற்றில் பாடிய செய்தியை அவருக்கு எடுத்துரைத்தேன். கானகத்தில் பாணர் கூட்டம் ஒன்று வேட்டுவன் ஒருவனைக் கண்டு, இன்னானென அறியாமலே தலைவனைப் போற்றிப் பாடுகிறது. அது தன் பெயரே ஆகையால் அவன் நாணி நிற்கிறான். பின்னர் ஊனும் பொன்னும் மணியும் வாரி வழங்குகிறான்.

கேட்டுக்கொண்டிருந்த நண்பர், "ஹஜ்ரத், கொடுக்கவும் செய்து, நாணவும் செய்கிற முகம் என்றால் எனக்கு எங்கள் ராஜ்குமார்தான் நினைவுக்கு வருகிறார்" என்றார். அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

மதரஸாவில் அரபு கற்பிப்பவனுக்குத் திரைப்பட நடிகரிடம் என்ன வேலை என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். நடிப்புக் கலையின் நுட்பங்களை நான் பயின்றவன் அல்லன். ஆயினும் சொல்லையும் குரலையும் எடை போடுவது பல்லாண்டுகளாக என் தொழில். நண்பர் இல்லத்தில் அமர்ந்து, அவர் பொருள் சொல்லக் கேட்டு, அன்னாரின் படங்கள் சிலவற்றைப் பார்த்தபோது என் கையிலிருந்தது அந்தத் தராசு ஒன்றே.

முத்துராஜ் என்பது ராஜ்குமாரின் இயற்பெயர். 1929ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்துக் கஜனூரில் பிறந்தார். 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது கொள்ளேகால் மைசூருக்குச் சென்றது; தாளவாடி வட்டாரமும் அதிலுள்ள கஜனூரும் தமிழ்நாட்டிலேயே நின்றன. கன்னட உலகம் தலைமேல் வைத்துக் கொண்டாடிய நடிகர் பிறந்த மண், இன்று நம் ஈரோடு மாவட்டத்து மண்!

பள்ளிப் படிப்பு சிறிதே. தந்தையாரைப் பின்பற்றிக் குப்பி வீரண்ணாவின் நாடகக் குழுவில் வளர்ந்தார். 1954இல் 'பேடர கண்ணப்பா'வில் நாயகரானார். நாம் பெரியபுராணத்தில் கண்ட அதே வேடர் கண்ணப்பர்தாம். அன்று தொட்டு 2000இல் வந்த 'சப்தவேதி' வரை இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள். 1995இல் தாதாசாகேப் பால்கே விருது. இத்துணை நெடிய வாழ்வில் நிலைத்து நிற்பது எது? அடக்கம் என்பது என் துணிபு.

1971இல் வெளிவந்த 'கஸ்தூரி நிவாசா'வைச் சான்றாகக் கொள்வோம். கேட்டோர்க்கெல்லாம் கொடுத்துக் கொடுத்து வறியவராகும் செல்வரின் கதை. இறுதியில் எஞ்சியிருந்தது ஒரு வளர்ப்புப் புறா. வீடு தேடி வந்தவளுக்கு விருந்தளிக்க அதையும் விற்றுவிடுகிறார். உண்டு முடித்தவள், நோயுற்ற குழந்தைக்காக அந்தப் புறாவையே கேட்கிறாள்! அறியாமைக் காலத்து அரபு வள்ளல் ஹாதிம் தாயியின் குதிரையைக் கேட்டு வந்த தூதர்களுக்கு, முந்திய இரவு அக்குதிரையே விருந்தாகியிருந்த கதையை ஸஅதீயின் 'பூஸ்தான்' கற்றோர் அறிவர். மண் வேறு, மொழி வேறு. ஈகையின் துயரம் ஒன்றே.

இக்கதை 1975இல் சிவாஜி கணேசன் நடிக்க 'அவன்தான் மனிதன்' எனத் தமிழில் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்போர்க்கு ஒன்று விளங்கும். சிவாஜியிடம் துயரம் பெருக்கெடுத்து நம்மை நனைக்கிறது. ராஜ்குமாரிடம் அது அணையிட்டு நிற்கிறது. முன்னதைத் தாழ்த்திச் சொல்லவில்லை. ஆனால் இல்லை என்று சொல்ல நேர்ந்த கொடையாளியின் நாணத்துக்குப் பின்னதே பொருந்துகிறது. ஓரியின் நாணம் புகழைக் கேட்டதால் வந்தது; இவருடையது கை வெறுமையானதால் வந்தது.

அடுத்தது குரல். அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் 'மக்ரஜ்' எனப்படும் பிறப்பிடம் உண்டு; அது பிறழின் பொருளும் பிறழும். தொல்காப்பியரும் இதற்கெனப் பிறப்பியல் என்று ஓர் இயல் வகுத்தார். அவ்வளவைக் கொண்டு கேட்டேன்: கன்னடம் அறியாத என் செவிக்கும் அவர் உச்சரித்த எழுத்துகள் தனித்தனியே விளங்கின. ஏட்டுக் கல்வி தராததை மேடைப் பயிற்சி தந்திருக்கிறது. நீண்ட காலம் அவருக்காகப் பாடியவர் நமக்கும் இனியவரான பி.பி.ஸ்ரீநிவாஸ், 1974க்குப் பின் தாமே பாடலானார். 'ஜீவன சைத்ரா' பாடலுக்காக 1992ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகருக்கான தேசிய விருதும் பெற்றார். 1977இல் வந்த 'சனாதி அப்பண்ணா'வில் ஷெனாய்க் கலைஞராக நடித்தார். ஒலித்தது உஸ்தாத் பிஸ்மில்லா கானின் மூச்சு. அதற்கு இடம் கொடுத்து ஒதுங்கி நின்றது இவர் முகம். பிறர் கலைக்கு இடம் விடுவதும் கலையே அன்றோ?

குறை கூறாத விமரிசனம் முகமன் ஆகிவிடும். மது, புகை தீண்டாத உத்தம நாயகர் என்ற உருவத்தை இவர் கட்டிக் காத்தார். பின்னர் அவ்வுருவமே இவரைக் கட்டிப் போட்டது. 'தாரி தப்பித மக' (1975) என்றால் வழி தவறிய மகன் என்று பொருள். அதிலும் தவறியவனுக்குப் பக்கத்தில் தவறாத ஒருவனையும் இரட்டை வேடத்தில் அவரே தாங்கினார். ஒரே நெஞ்சில் நன்மையும் தீமையும் மல்லுக்கட்டும் மனிதனை இன்னும் அதிகமாகத் தந்திருக்கலாம் என்ற ஏக்கம் எஞ்சுகிறது.

மற்றொன்று, அவர் குறையன்று. சுற்றி நின்றோர் குறை. ரசிகர்களை அவர் 'அபிமானி தேவரு' என்று விளித்தார். அச்சொல்லை எம் நாவு ஏற்காது. ஆயினும் தம் பேறு பிறர் தந்த அமானத் என்னும் பணிவை அதில் காண்கிறேன். அவ்வமானத்தைப் பேணும் கடமை ரசிகர்க்கும் உண்டு. 2006 ஏப்ரல் 12ஆம் நாள் அவர் மறைந்தபோது பெங்களூரில் மூண்ட வன்முறை உயிர்களைப் பலி கொண்டது. தம் கண்களைப் பிறருக்கு ஈந்து சென்ற மனிதரின் இறுதி ஊர்வலம் அவ்வாறு அமைந்தது எத்துணைக் கொடுமை!

மொழிக்காக 1982இல் கோகாக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் அவர். தாய்மொழியை நேசித்தது பிழையன்று. ஆயின் அந்நேசத்தை அண்டை வீட்டாருக்கு எதிரான வேலியாக்கிக் கொண்டோர் இரு பக்கமும் உளர். 2000 ஜூலை 30 அன்று கஜனூர் வீட்டிலிருந்து வீரப்பன் அவரைக் கடத்திச் சென்றான். 108 நாட்களுக்குப் பின் நவம்பர் 15இல்தான் விடுவித்தான். அந்நாட்களில் ஒரு முதியவரின் உயிரோடு இரு மாநிலத்து எளிய மக்களின் அமைதியும் ஊசலாடியதை எல்லையோரத்தில் வாழ்ந்தோர் மறவார்.

வேலிகளைப் பாராத கபீராக 1962இல் வேடமேற்றவர் இதே ராஜ்குமார்தாம். அவரைக் கன்னடரிடம் விட்டுவிட்டு நாம் விலகி நிற்பானேன்? மலை இறங்கும்போது நண்பரிடம் இதைக் கேட்டேன். "தமிழில் எழுதுங்கள் ஹஜ்ரத், கஜனூரிலும் தமிழ் படிப்பவர்கள் இருக்கிறார்கள்" என்றார். எழுதிவிட்டேன்.