வானொலியில் ‘போரும் வாழ்வும்’

போர் நடந்துகொண்டிருக்கும்போதே போரைப் பற்றிய நாவலை நாடகமாக்குவது எளிதன்று. கேட்போர் செவியில் இரண்டு போர்கள் ஒரே வேளையில் ஒலிக்கும். 1943ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் அத்தகைய முயற்சி ஒன்றில் இறங்கிற்று. டால்ஸ்டாயின் பெருநாவலை, டி. எஸ். சொக்கலிங்கம் ‘போரும் வாழ்வும்’ என்னும் பெயரில் நமக்குத் தமிழில் தந்த அதே நூலை, வால்டர் பீக்காக் என்பார் எட்டுப் பகுதிகளாக நாடகமாக்கினார். ஜனவரி 17 முதல் பிப்ரவரி 7 வரை நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில், நாளுக்கு இரண்டு பகுதிகளாக அது ஒலிபரப்பாயிற்று. லெஸ்லி பாங்ஸ் பியராகவும், சீலியா ஜான்சன் நட்டாஷாவாகவும் நடித்தனர்.

அப்போது மலாயாவில் ஜப்பானியர் ஆட்சி. வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பதே குற்றம். பாப்பான் ஊரில் சிபில் கார்த்திகேசு ஒளித்துவைத்த வானொலியில் லண்டன் செய்தி கேட்டுவந்த காலம் அது. நாடகம் கேட்கும் வாய்ப்பு நம்மவர்க்கு ஏது?

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஏழு பகுதிகள் ஒவ்வொரு மணி நேரம்; கடைசிப் பகுதி ஒன்றரை மணி. ஆக 510 நிமிடங்கள். நிமிடத்துக்கு 150 சொற்கள் என்று தாராளமாக வைத்தாலும் 76,500 சொற்களே பேச முடியும். ஆங்கில மொழிபெயர்ப்போ ஐந்தரை இலட்சம் சொற்களுக்குக் குறையாதது. ஏழில் ஒரு பங்கு தேறுவதே அரிது! நாடகமாக்குவோன் எதை வைத்தான் என்பதைவிட எதை விடத் துணிந்தான் என்பதில்தான் அவன் திறம் இருக்கிறது.

வரலாறு பற்றிய டால்ஸ்டாயின் நீண்ட ஆராய்ச்சிகள் முதலில் உதிரும். அதற்காக நான் வருந்தமாட்டேன். பெருந்தலைவர்கள் போரை நடத்துவதில்லை என்னும் அவர் கொள்கை காட்சிகளுக்குள்ளேயே பொதிந்து கிடக்கிறது. ஆஸ்டர்லிட்ஸ் போருக்கு முந்திய இரவில் வைரோதர் போர்த்திட்டத்தை நீட்டி முழக்கிப் படிக்கிறார். தளபதி குட்டுசாவ் உறங்குகிறார். வானொலியில் ஒரு குறட்டை போதும், பத்துப் பக்க ஆராய்ச்சி விளங்கிவிடும். போரோடினோ களத்தில் வெள்ளைத் தொப்பியோடு அலையும் பியருக்கு, எங்கே என்ன நடக்கிறதென்று ஒன்றும் புரிவதில்லை. கண்ணால் காணாமல் பீரங்கி ஓசையை மட்டும் கேட்கும் நேயருக்கும் அதே நிலைதான். மேடையும் திரையும் களத்தை விரித்துக் காட்டி நம்மைத் தளபதியாக்கிவிடும். வானொலியோ நம்மைப் பியரின் பக்கத்திலேயே நிறுத்துகிறது. இந்நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை என்பேன்.

இடர் ஒன்று உண்டு, அது பெயர்கள். பாரதப் பிரசங்கம் கேட்டுப் பழகியவர்க்குப் பார்த்தன், விசயன், தனஞ்சயன் எல்லாரும் ஒருவனே என்பது சொல்லாமலே தெரியும். பியர், பியோத்தர் கிரீலோவிச், பெசுகாவ் என்றால் ஆங்கில நேயர் மூவர் என்றுதான் எண்ணுவார். படிப்பவர் பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டலாம். கேட்பவர் என் செய்வார்? ஆளுக்கொரு பெயர் என்று வரையறுத்துக்கொள்வதே வழி.

இனி முக்கியமான வினாவுக்கு வருவோம். நெப்போலியன் ரஷ்யாவுக்குள் நுழைந்தது 1812 ஜூன் 24. ஹிட்லரின் படை நுழைந்தது 1941 ஜூன் 22. இந்த ஒப்புமை எந்த நேயருக்கும் தோன்றியே தீரும். போதாக்குறைக்கு, மூன்றாம் ஞாயிறான ஜனவரி 31 அன்றுதான் ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியத் தளபதி பவுலஸ் சரணடைந்தார். பிப்ரவரி 2இல் எஞ்சிய படையும் பணிந்தது. ஐந்து நாள் கழித்துக் கடைசிப் பகுதி. இப்படி ஒரு பொருத்தத்தை எந்த நாடகாசிரியனும் திட்டமிட்டிருக்க முடியாது.

ஆனால் அந்தப் பொருத்தமே பொறியுமாகும். நெப்போலியனை ஹிட்லராக மட்டும் கேட்டால், நாவல் வெற்றி முழக்கமாகச் சுருங்கிவிடும். டால்ஸ்டாய் கடைசியில் எழுதுவது வெற்றியைப் பற்றியன்று. சிறைப்பட்ட பகைவரைப் பற்றி. பிரெஞ்சு முரசுச் சிறுவனுக்காகப் பேட்டியா மனமுருகுகிறான். மறுநாள் காலையில் அவனே குண்டடிபட்டு மாள்கிறான். குட்டுசாவ் தம் வீரர்களிடம் கைதிகளுக்கு இரங்கச் சொல்கிறார். சொன்ன வாயாலேயே, அவர்களை இங்கே யார் வரச்சொன்னது என்று வையவும் செய்கிறார். இரண்டும் சேர்ந்தால்தான் குட்டுசாவ். முதலதை விட்டு இரண்டாவதை மட்டும் ஒலிபரப்பினால் அவர் சுவரொட்டிப் படமாகிவிடுவார். பின்னர், பனிக்காட்டிலிருந்து தள்ளாடி வரும் அதிகாரி ரம்பாலையும் அவன் ஏவலாள் மோரெலையும் ரஷ்ய வீரர்கள் தம் கணப்பருகே சேர்த்துக்கொள்கிறார்கள். கஞ்சி ஊட்டப்பெற்ற மோரெல் பாடுகிறான். ரஷ்யன் ஒருவன் பொருள் தெரியாமலே அந்தப் பாட்டைத் திருப்பிப் பாட முயல்கிறான்.

ஸ்டாலின்கிராடில் சிறைப்பட்டவர் ஏறக்குறைய 90,000 பேர். அவர்களில் உயிரோடு ஊர் திரும்பியவர் ஆறாயிரம் பேரளவே. அந்த வாரத்தில் ஒலிக்கவேண்டிய காட்சி எது என்பதில் எனக்கு ஐயமில்லை. நேரம் போதாது என்பார் உளர். அன்னா பாவ்லோவ்னாவின் விருந்துப் பேச்சில் பத்து நிமிடத்தைக் குறைக்கலாம். மோரெலின் பாட்டுக்கும் கஞ்சிக்கும் அவ்வளவே போதும்.