அன்டோஃபகஸ்டாவில் புகார், தாரபாகாவில் குற்றம்

அட்டகாமா பாலைவனத்தின் மேல்மண்ணைப் பெயர்த்தால் அடியில் காரைபோல இறுகிய ஒரு படிவம் கிடக்கும். அந்த ஊர்க்காரர்கள் அதைக் ‘கலிச்சே’ என்பார்கள். வெடி வைத்து உடைத்து, நொறுக்கி, தொட்டியில் தண்ணீர்விட்டுக் கொதிக்கவைத்து, தெளிந்த நீரை ஆறவிட்டால் வெடியுப்பு படிகமாக இறங்கும். ஐரோப்பிய வயல்களுக்கு அது உரம், வெடிமருந்துக்கு மூலப்பொருள். தண்ணீரில் சட்டெனக் கரைந்துவிடும் பொருள் அது. மழையே காணாத மண்ணில்தான் இத்தனை காலம் தங்கியிருக்க முடியும். மனிதர் குடியிருக்க லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட அந்த நிலத்துக்கு, கடற்கரைப் பறவை எச்சத்தில் தொடங்கி வெள்ளி, வெடியுப்பு என்று ஒவ்வொன்றாக விலை ஏற ஏற, எல்லை எங்கே என்ற கேள்வியும் ஏறியது. 1879இல் சிலி ஒரு பக்கமும் பொலிவியாவும் பெருவும் மறுபக்கமுமாக மூண்ட போர் இங்கிருந்து வந்தது. பசிபிக் போர் என்று வரலாறு அதற்குப் பெயரிட்டிருக்கிறது.

குற்றவாளி யார் என்பதற்கு மூன்று விடைகள் நெடுங்காலமாகப் புழங்குகின்றன. ஒப்பந்தத்தை மீறிய பொலிவியா என்பது சிலியின் விடை. முன்கூட்டியே திட்டமிட்டு நிலம் பறித்த சிலி என்பது பொலிவியாவும் பெருவும் சொல்லும் விடை. பின்னால் இருந்து இயக்கிய பிரிட்டிஷ் மூலதனம் என்பது மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எதை எவ்வளவு ஏற்பது என்பதே இங்கு வழக்கு.

முதலில் ஒப்பந்தம். 1866இல் சிலியும் பொலிவியாவும் 24ஆம் தென் அட்சரேகையை எல்லையாக வைத்தன. 23க்கும் 25க்கும் இடையே கிடைக்கும் கனிம வரியைப் பங்கிட்டுக்கொள்வதாக ஒத்துக்கொண்டன. பங்கு பிரிப்பதில் ஓயாத சச்சரவு. 1874இல் அதைத் திருத்தி எழுதினார்கள். பங்கு உரிமையைச் சிலி விட்டுக்கொடுத்தது. அதற்கு ஈடாக, அப்பகுதியிலுள்ள சிலி நாட்டவர், தொழில், மூலதனம் எதன்மீதும் 25 ஆண்டுகளுக்கு வரியை உயர்த்துவதில்லை என்று பொலிவியா வாக்குக் கொடுத்தது. தகராறு வந்தால் நடுவரிடம் போவது என்றும் அடுத்த ஆண்டு சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த வாக்கு நான்கு ஆண்டுகூட நிற்கவில்லை. 1877இல் கடும் நிலநடுக்கம் கரையோரத்தை உலுக்கியது. மேட்டுநிலத்தில் வறட்சியும் பஞ்சமும். கஜானா காலி. 1878 பிப்ரவரி 14 அன்று பொலிவிய நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. பொலிவியக் கரையிலிருந்த அன்டோஃபகஸ்டாவில் சிலி மூலதனத்தில் இயங்கிய வெடியுப்பு, ரயில்வே கம்பெனியுடன் அரசு 1873இல் செய்த உடன்பாட்டை அது ஏற்றது. ஆனால் ஏற்றுமதியாகும் ஒவ்வொரு குவிண்டாலுக்கும், அதாவது சுமார் 46 கிலோவுக்கும், பத்து சென்டாவோ கட்டவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. பொலிவியாவின் வாதம் இது: இது வரியே அல்ல, ஒரு தனியார் கம்பெனியுடனான உடன்பாட்டுக்கு நாடாளுமன்றம் வைத்த நிபந்தனை; வழக்கு வேண்டுமானால் பொலிவிய நீதிமன்றத்துக்கு வரட்டும்.

வாதம் சாமர்த்தியமானதுதான், வலுவானதல்ல. பெயர் எதுவானாலும், சிலி மூலதனத்தில் ஓடும் தொழில் அரசுக்குக் கட்டவேண்டிய தொகை கூடுகிறது. 1874ஆம் ஆண்டு வாக்கு தடுத்தது இதைத்தான். பங்கு உரிமையை விட்டுக்கொடுத்து வாங்கிய வாக்கு என்பதால் சிலியின் மனக்குறை நியாயமானது. இந்த ஒரு விஷயத்தில் தயக்கமில்லாமல் பொலிவியாவுக்கு எதிராகத்தான் எழுத முடியும்.

அடுத்து நடந்தது அந்த மனக்குறையின் எல்லைக்குள் நிற்கவில்லை. 1879 ஜனவரியில் சிலியின் இரும்புக் கவசக் கப்பல் ஒன்று அன்டோஃபகஸ்டா துறைமுகத்துக்கு வந்து நின்றது. வரியை நிறுத்திவைத்தால் நடுவரிடம் போகலாம் என்றது சிலி. பொலிவிய அதிபர் ஹிலாரியோன் டாசா பிப்ரவரி 1ஆம் தேதி உடன்பாட்டையே ரத்து செய்து, கம்பெனியின் சொத்தைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டார். ஏலத்துக்குக் குறித்த நாள் பிப்ரவரி 14. சட்டம் பிறந்து சரியாக ஓராண்டு. அன்று காலை ஏலம் நடக்கவில்லை. கர்னல் எமிலியோ சோட்டோமயோர் தலைமையில் சிலிப் படை கரையிறங்கியது. ஊர் மக்களில் பெரும்பாலோர் சிலி நாட்டவர், எதிர்க்க ஆளில்லை.

அந்த ஊர் 24ஆம் அட்சரேகைக்கு வடக்கே, ஒப்பந்தப்படி பொலிவிய மண்ணில் இருந்தது. ஒப்பந்தம் முறிந்ததால் பழைய உரிமை திரும்ப வந்துவிட்டது என்று சிலி வாதித்தது. அந்தப் பழைய உரிமைக் கோரிக்கையும் 23ஆம் ரேகையோடு நின்றது. மார்ச் கடைசியில் சிலிப் படை அதற்கும் வடக்கே டோகோபியா, கோபிஹா, கலமா வரை போயிருந்தது. அதற்குள் பொலிவியா போர் அறிவித்துவிட்டது என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். மார்ச் 23 அன்று கலமாவின் ஆற்றுப் பாலத்தைக் காத்து நின்று உயிர்விட்ட எதுவார்தோ அபரோவாவை நினைத்து, அந்த நாளைப் பொலிவியர்கள் இன்றும் கடல் நாளாக அனுசரிக்கிறார்கள்.

சிலி முன்பே திட்டமிட்டதா? இந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. 1878இல் சிலி பொருளாதார நெருக்கடியில் தத்தளித்தது. வங்கி நோட்டுக்குப் பதில் உலோக நாணயம் தரும் கடமையை அரசு நிறுத்திவைத்தது. ராணுவத்தைச் சுமார் 2,500 பேராகக் குறைத்திருந்தது. கவசக் கப்பல்களை விற்கலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. படகோனியா தொடர்பாக அர்ஜென்டினாவுடன் பிணக்கு வேறு. அதிபர் அனீபல் பிந்தோ போருக்குத் துடித்தவர் அல்ல. நெருக்கடி ஆசையைத் தூண்டியிருக்கலாம். அந்தக் கம்பெனியின் பங்குதாரர்களில் சிலி அரசியல்வாதிகள் இருந்தார்கள், அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆனால் திட்டம் போட்டவன் ஆயுதத்தை விற்க நினைக்கமாட்டான்.

பெருவைத் தனியாகப் பார்க்கவேண்டும். பொலிவியாவுடன் 1873இல் ரகசியக் கூட்டணி ஒப்பந்தம் செய்திருந்தது பெரு. வாசகத்தின்படி அது தற்காப்பு ஒப்பந்தம்தான். ஆனால் தன் தெற்கு மாகாணமான தாரபாகாவின் வெடியுப்பு ஆலைகளைக் கடன் சான்றிதழ் கொடுத்து அரசுடைமையாக்கும் சட்டத்தை 1875இல் கொண்டுவந்த பெருவுக்கு, அன்டோஃபகஸ்டாவிலிருந்து வரி இல்லாமல் வந்து விழும் வெடியுப்பு நேரடிப் போட்டி. சமரசம் பேச சாண்டியாகோவுக்கு ஹோசே அந்தோனியோ டி லவாயேவை அனுப்பியபோது அந்த ரகசிய ஒப்பந்தமும் அவர் பின்னாலேயே வந்து நின்றது. சிலி நடுநிலை கேட்டது. பெருவால் தர முடியவில்லை. ஏப்ரல் 5 அன்று சிலி இரு நாடுகள் மீதும் போர் அறிவித்தது. பெரு செய்தது விவேகமற்ற காரியம். ஆனால் சிலியின் ஓர் அங்குல நிலத்தையும் அது கேட்டதில்லை, தொட்டதில்லை.

பிரிட்டிஷ் மூலதனம் பற்றிய விடைக்குப் புகழ்பெற்ற சாட்சி அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் பிளெயின். இது பெருமீது இங்கிலாந்து நடத்திய போர், சிலி வெறும் கருவி என்ற பொருளில் 1882இல் அவர் பேசினார். லண்டன் கிப்ஸ் நிறுவனம் அன்டோஃபகஸ்டா கம்பெனியில் பங்குதாரர் என்பது உண்மை. அதே கிப்ஸ் பெருவின் வெடியுப்பு வணிகத்திலும் இருந்தது என்பதும் உண்மை. இரண்டு பக்கமும் பணம் போட்டவர்கள் போரை விரும்பினார்கள் என்று காட்டுவது கடினம். கம்பெனியில் முக்கியப் பங்கு சிலியின் அகுஸ்தீன் எட்வர்ட்ஸ் கையில் இருந்தது. ஆங்கிலேயர்கள் அள்ளியது பிறகு. போரில் விலை சரிந்த பெருவின் ஆலைச் சான்றிதழ்களை ஜான் தாமஸ் நார்த் மலிவாக வாங்கிக் குவித்தார், அதுவும் சிலி வங்கிக் கடனில். சான்றிதழ் வைத்திருப்பவருக்கே ஆலை என்று சிலி முடிவு செய்ததும் அவர் வெடியுப்பு மன்னர் ஆனார். லாபம் அடைந்தவரே மூட்டியவர் என்று சொல்வது ஆதாரத்தைத் தாண்டிப் போவது.

அப்படியானால் குற்றம் எங்கே? போர் ஏன் தொடங்கியது, போரை வைத்து என்ன எடுத்துக்கொண்டார்கள் என்ற இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். 1879 அக்டோபரில் அங்காமோஸ் கடற்போரில் பெருவின் அட்மிரல் மிகேல் கிராவ் இறந்தார். அவருடைய வாஸ்கர் கப்பல் சிலியிடம் சிக்கியது. கடல்வழி சிலிக்குத் திறந்தது. மே மாதம் இகீகேயில் தாம் மூழ்கடித்த சிலிக் கப்பலின் தலைவர் அர்துரோ பிராத்தின் உடைமைகளை, அவருடைய மனைவிக்கு ஆறுதல் கடிதத்துடன் அனுப்பிவைத்தவர் கிராவ். அந்த மனிதர் போனபிறகு போரின் சுபாவமே மாறியதாக எனக்குத் தோன்றுவதுண்டு. ஆண்டு முடிவதற்குள் தாரபாகா முழுவதும் சிலியின் கையில். 1880 அக்டோபரில் அரிகா கடலில் அமெரிக்கக் கப்பல் ஒன்றில் சமாதானம் பேசினார்கள். பேச்சு முறிந்ததற்கு முக்கியக் காரணம் தாரபாகா. சிலி அதைக் கேட்டது.

பத்து சென்டாவோவுக்கும் தாரபாகாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது தகராறில் இருந்த நிலமல்ல. 1866, 1874 ஒப்பந்தங்களில் அதன் பெயரே வராது. சிலித் தொழிலாளியின் உழைப்பும் சிலி மூலதனமும் வளர்த்த நிலம் என்று வாதம் வைத்தார்கள். அயல்நாட்டில் கூலிக்கு உழைத்தால் அந்த நாடு சொந்தமாகிவிடுமா? 1881 ஜனவரியில் லிமா வீழ்ந்தது. தேசிய நூலகத்தின் புத்தகங்களைச் சிலிப் படை அள்ளிச்சென்றது. எழுத்தாளர் ரிக்கார்தோ பால்மா பின்னாளில் நாடு நாடாகக் கடிதம் எழுதி நூல்களை யாசித்து நூலகத்தை மீட்டெழுப்பினார். எடுத்துச்சென்றதில் 3,788 நூல்கள் 2007இல் திரும்பி வந்தன. 1883ஆம் ஆண்டு அன்கோன் உடன்படிக்கையில் தாரபாகாவைப் பெரு நிரந்தரமாக இழந்தது. பெருவின் தக்னா, அரிகா மாகாணங்கள் இரண்டும் பத்தாண்டு சிலியிடம் இருக்கும், பிறகு வாக்கெடுப்பு என்றார்கள். வாக்கெடுப்பு நடக்கவேயில்லை.

பொலிவியா 1884இல் சண்டை நிறுத்தத்துக்கு இணங்கி, 1904 உடன்படிக்கையில் கடற்கரை முழுவதையும் கொடுத்தது. ரயில்பாதையும் 3,00,000 பவுண்டும் சரக்குப் போக்குவரத்து உரிமையும் ஈடு. பொலிவியாவின் பங்கையும் மறைக்கலாகாது. வெள்ளிச் சுரங்க முதலாளியும் பின்னாளில் அதிபருமான அனிசெதோ ஆர்சே போன்றவர்கள் சிலியோடு இணங்கிப் போவதையே விரும்பினார்கள். அவர்களின் வெள்ளி அன்டோஃபகஸ்டா வழியாகத்தான் கப்பல் ஏறவேண்டும். ஆனால் சிலி தன் உரிமையை எதில் ஊன்றியது என்பதற்கு அதன் தூதர் அப்ரகாம் கோனிக் 1900இல் பொலிவிய அரசுக்கு எழுதிய குறிப்பே போதும். எங்கள் உரிமை வெற்றியில் பிறந்தது என்பது அதன் சாரம். இருபது ஆண்டுகளாக முன்வைத்த ஒப்பந்த மீறல் வாதத்தை அந்த ஒரு குறிப்பு குப்புறத் தள்ளிவிடுகிறது.

என் முடிவு இது. பொலிவியா வாக்கை மீறியது. அதற்குரிய பரிகாரம் நடுவர் தீர்ப்பும் நஷ்டஈடும். சிலிக்குப் புகார் சொல்ல உரிமை இருந்தது, நிலம் எடுக்க இல்லை. தற்காப்பாகவோ கோபமாகவோ தொடங்கிய போர் தாரபாகாவில் கொள்ளையாக மாறியது. அந்தக் குற்றம் சிலியுடையது மட்டுமே. போரின் கணக்கு அதோடு தீரவில்லை. 1929இல் தக்னா பெருவுக்கும் அரிகா சிலிக்கும் என்று பிரித்துக்கொண்டபோது, ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் அந்த நிலத்தை மூன்றாவது நாட்டுக்குத் தரக்கூடாது என்றும் எழுதிக்கொண்டார்கள். 2018 அக்டோபர் 1 அன்று ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம், கடல்வழி குறித்துப் பொலிவியாவுடன் பேசியாக வேண்டிய சட்டக் கடமை சிலிக்கு இல்லை என்று 12க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. விரும்பினால் பேசுவதற்குத் தடையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.