ரெட்ரோ டி-ஷர்ட்டும் கள்ளப் பிக்சலும்

காதர்பேட்டையில் சர்ப்ளஸ் டி-ஷர்ட் குவியலைக் கிளறும்போது ரெண்டு வகை 'பழசு' கையில் சிக்குகிறது. ஒன்று, பள்ளிக்கூட சார்ட்: அதிகாலையில் எழுந்து, பெற்றோரை வணங்கி, பல் தேய்க்கும் 'ஐடியல் பாய்'. இன்னொன்று, கட்டம் கட்டமான பழைய கம்ப்யூட்டர் படம். ரெண்டுக்கும் 'ரெட்ரோ' என்று ஒரே பெயர். எனக்கு ரெண்டுமே பிடிக்கும். ஆனால் பெரும்பாலான டிசைன்கள் பழசின் தோலை மட்டும்தான் எடுத்துக்கொள்கின்றன.

சார்ட்டில் தடித்த கோடும் தட்டையான நிறமும் இருப்பது, கடைசி பெஞ்சுக்கும் படம் தெரிய வேண்டும் என்பதால். சிரிஷ் ராவ், வ. கீதா, கீதா வுல்ஃப் 2001இல் தொகுத்த 'அன் ஐடியல் பாய்' புத்தகத்தைப் புரட்டினால் இது புரியும். 1984 மெக்கின்டாஷுக்கு சூசன் கேர் செய்த ஐகான்களும் அப்படித்தான். 32-க்கு 32 கட்டம், கறுப்பு வெள்ளை. கிராஃப் தாளில் கட்டத்தை நிரப்பி வரைந்து பார்த்தார். அந்த நெருக்கடிதான் அழகு.

இந்த நெருக்கடி திருப்பூருக்குப் புதுசா என்ன? ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நாலு கலர் என்றால் நாலு ஸ்கிரீன். நிறத்தைக் குறைத்தால் செலவும் குறையும். அப்படியிருக்க, நான் பார்த்த ஒரு 'பிக்சல்' டி-ஷர்ட்டில் கண்ணுக்கு ஒரு அளவு கட்டம், வாய்க்கு வேறு அளவு. ஒரே கட்டத்துக்குள் நிறம் வேறு மங்கி மங்கிப் போகிறது. இது பிக்சல் இல்லை, பிக்சல் வேஷம். சார்ட் பீஸ்களில் இன்னொரு கூத்து. பட்டறையில் கலர் கோட்டை விட்டு நகர்ந்தால் பீஸ் ரிஜெக்ட். இங்கே அந்த நகர்வை டிசைனிலேயே வரைந்து கொடுத்து, அதைத் துல்லியமாக அடிக்கச் சொல்கிறார்கள்!

நம் துணியே ஒரு கட்டத்தாள்தானே. ஜக்கார்ட் பின்னலில் ஒவ்வொரு கண்ணியும் ஒரு பிக்சல். ஆனால் பின்னல் கண்ணி பொதுவாகச் சதுரம் இல்லை. உயரத்தைவிட அகலம் அதிகம். திரையில் வட்டமாக இருப்பதைக் கட்டத்துக்குக் கட்டம் அப்படியே பின்னினால் அமுங்கிப்போகும். அதைச் சரிக்கட்ட மறுபடி கட்டத்தாளில் உட்கார்ந்து வரைந்தே ஆகணும். சூசன் கேர் செய்ததும் அதே வேலைதான்.

'ரெட்ரோ' வேண்டும் என்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: விரிசலையும் மங்கலையும் விட்டுவிட்டு, ரெண்டே ஸ்கிரீனில் ஒரு படம் செய்து காட்டுங்க. பழசு அதில் தானாக வந்துவிடும்.