நகைச்சுவைத் தொடர்களில் அயல்நாட்டவர்: ஓர் ஒப்பீடு

பிரிட்டிஷ், அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வரும் ஒரு பாத்திர வகை, ஆங்கிலம் சரிவரத் தெரியாத அயல்நாட்டவர். இப்பாத்திரங்கள் ஓர் இனத்தை இழிவுபடுத்துகின்றனவா, அல்லது வெறும் வேடிக்கைதானா என்ற விவாதம் பல ஆண்டுகளாக நடக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் உச்சரிப்பைக் கேலி செய்யலாமா, கூடாதா என்பதோடு நின்றுவிடுகிறது. அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பாத்திரம் எதையாவது கற்றுக்கொள்ள கதை அனுமதிக்கிறதா?

வகுப்பறையில் தேங்கியவர்கள்

இக்கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டிய தொடர் 'மைண்ட் யுவர் லாங்வேஜ்'. காரணம், அதன் கதைக்களமே ஒரு வகுப்பறை. வின்ஸ் பவல் உருவாக்கிய இத்தொடர் 1977 முதல் 1979 வரை 29 பகுதிகளாக பிரிட்டனில் ஒளிபரப்பானது. லண்டனில் ஒரு மாலை நேர ஆங்கில வகுப்பு. ஆசிரியர் ஜெரமி பிரவுனாக பாரி எவான்ஸ் நடித்தார். இந்தியா, இலங்கை, மலேசியா முதலிய முன்னாள் குடியேற்ற நாடுகளில் இத்தொடருக்குப் பெரும் வரவேற்பு இருந்தது. அதில் வியப்பில்லை. ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும்கூட நம்மவர்களோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து தவறு செய்கிறார்கள். ஆங்கிலத்தின் முன் எல்லோரும் சமம் என்ற அந்தக் காட்சி, ஆங்கிலத்துக்கு அஞ்சி வளர்ந்தவர்களுக்கு ஆறுதல் தரக்கூடியது. பிரவுனும் பொறுமைசாலி. சலித்துக்கொள்வாரே தவிர, மாணவரை அவமதிப்பதில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 29 பகுதிகளிலும் ஒருவர்கூட முன்னேறுவதாகத் தெரியவில்லை. ஜப்பானியர் தாரோ, சொல்லின் முடிவில் எல்லாம் 'ஓ' சேர்க்கிறார். சீனப் பெண் சங் சூ-லீ 'ல'வையும் 'ர'வையும் மாற்றிச் சொல்கிறார். இவற்றுக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. மெய்யெழுத்தில் முடியும் அயற்சொல்லுக்குப் பின் உயிரொலி சேர்ப்பது ஜப்பானியருக்கு இயல்பு. தமிழர் 'பஸ்'ஸை 'பஸ்ஸு' என்பதும் அதே வகைதான். ஆனால் உண்மையான மாணவரின் பிழை மாதத்துக்கு மாதம் மாறும். ஒன்று திருந்தும், புதிதாக ஒன்று முளைக்கும். இங்கே பிழை நாட்டுக்கொன்றாக முத்திரை குத்தப்பட்டுவிட்டது. திருந்தினால் பாத்திரமே காணாமல் போய்விடும். விதிவிலக்கு பாகிஸ்தானியரான அலி நதீம். மரபுத்தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டு அவர் தரும் பதில்கள், யோசிக்கிற ஒரு மாணவனின் பதில்கள்.

அலிக்கும் சீக்கியரான ரஞ்சித் சிங்குக்கும் இடையிலான சண்டையைத் தொடர் ஓயாமல் பயன்படுத்துகிறது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின் வடு இருவருக்கும் இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். கிரேக்கராக நடித்த கெவோர்க் மாலிக்யான் துருக்கியில் பிறந்த ஆர்மீனியர். நடிகர் எந்த நாட்டவர் என்பதில் தயாரிப்பாளர்களுக்கு அவ்வளவு அக்கறை இருக்கவில்லை போலும்.

தவறாகக் கற்றவரும் அதிகமாகக் கற்றவரும்

ஜான் கிளீஸும் கோனி பூத்தும் எழுதிய 'ஃபால்டி டவர்ஸ்' (1975, 1979) பன்னிரண்டே பகுதிகள் கொண்டது. அதில் பார்சிலோனாவிலிருந்து வந்த பணியாள் மேனுவல், முதலாளி பேசில் ஃபால்டியிடம் ஓயாமல் அடி வாங்குகிறார். கேலிக்குரியவர் பேசில்தான், மேனுவல் அல்ல என்பது வழக்கமான வாதம். அது பாதி சரி. அடி விழும்போது பார்வையாளர் சிரிப்பது அடி வாங்குபவரைப் பார்த்தும்தான்.

ஆயினும் மேனுவலின் பிழைகளுக்குள் ஒரு மனம் வேலை செய்கிறது. முதல் பகுதியில் தட்டுகளில் வெண்ணெய் அதிகம் என்கிறார் பேசில். 'ஆன் தோஸ் டிரேஸ்' என்ற சொற்கள், ஒன்று இரண்டு மூன்று என்பதற்கான 'உனோ தோஸ் த்ரேஸ்' போல மேனுவலின் காதில் விழுகின்றன. உடனே அவர் முதலாளியின் ஸ்பானியத்தைத் திருத்துகிறார்! 1979ஆம் ஆண்டின் ஒரு பகுதியில், குதிரைப் பந்தயத்தில் வென்ற பணத்தை மனைவிக்கு மறைக்கும் பேசில், தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லும்படி மேனுவலுக்குக் கட்டளையிடுகிறார். பின்னர் அதே பணத்துக்குச் சாட்சி தேவைப்படும்போது, மேனுவல் பெருமிதத்தோடு தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். பாடம் படிந்துவிட்டது, பாடம் நடத்தியவர்தான் மாட்டிக்கொண்டார்.

மேனுவலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் 1930இல் பெர்லினில் பிறந்தவர். தந்தை யூதர் என்பதால் குடும்பம் 1938இல் நாஜி ஜெர்மனியை விட்டு பிரிட்டனுக்கு வந்தது. புது நாட்டில் புது மொழியோடு நின்ற சிறுவனின் நினைவு அந்த நடிப்பில் இருந்ததா என்று ஊகிக்க வேண்டியதில்லை. எனினும் மேனுவலின் பதற்றம் வெறும் குரல்மாற்றமாக ஒலிக்கவில்லை. இத்தொடர் ஸ்பெயினில் ஒளிபரப்பானபோது மேனுவல் இத்தாலியராக மாற்றப்பட்டார். கட்டலோனிய மொழியில் மெக்சிகோக்காரர் ஆனார். அசட்டு அயலான் எப்போதும் பக்கத்து நாட்டுக்காரனாகவே இருக்க வேண்டும்.

அமெரிக்கத் தொடரான 'டாக்ஸி'யில் (1978-1983) ஆண்டி காஃப்மன் நடித்த மெக்கானிக் லாட்கா, இல்லாத ஒரு நாட்டிலிருந்து வந்தவர். இல்லாத மொழியும் பேசுகிறார். எந்த நாடும் புண்படாது என்பது இதன் வசதி. 1986 முதல் 1993 வரை வந்த 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' தொடரின் பால்கியும் மைப்போஸ் என்ற கற்பனைத் தீவின் ஆட்டிடையர்தான். அவர் இனிமையானவர், அதற்கு மேல் சொல்ல அதிகமில்லை.

லாட்காவின் கதை ஓரிடத்தில் துணிகிறது. 1981இல் ஒளிபரப்பான பகுதியில், அமெரிக்கப் பேச்சையும் நடையையும் முயன்று பயின்று, விக் ஃபெராரி என்ற புதிய மனிதராகவே அவர் மாறிவிடுகிறார். உச்சரிப்பில் பிழையே இல்லை. உடனே நண்பர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போகிறது. பழைய லாட்காதான் வேண்டும் என்கிறார்கள். விக் திமிர் பிடித்தவர் என்பது உண்மை. ஆனால் திருத்தமாகப் பேசும் அயலானைத் திமிர் பிடித்தவனாக மட்டுமே எழுதத் தோன்றியது ஏன்? பிரவுனின் வகுப்பில் ஒருவரும் தேறாததன் காரணம் இங்கேதான் தெரிகிறது.

அபுவின் தேர்வு

அசைபடத் தொடரான 'தி சிம்ப்சன்ஸ்' 1996இல் இதற்கு மாறான ஒரு காட்சியைத் தந்தது. இந்தியரான கடைக்காரர் அபு அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வு எழுதுகிறார். உள்நாட்டுப் போரின் காரணம் என்ன என்று கேட்கப்படுகிறது. அவர் பல காரணங்களை விரிவாக அடுக்கத் தொடங்க, தேர்வாளர் இடைமறித்து, அடிமைமுறை என்று மட்டும் சொன்னால் போதும் என்கிறார். கற்றவர் அயலார், குட்டு உள்நாட்டாருக்கு.

2017இல் ஹரி கொண்டபோலு என்ற இந்திய அமெரிக்க நகைச்சுவையாளர் அபுவை விமர்சித்து ஆவணப்படம் எடுத்தார். அபுவுக்குக் குரல் கொடுத்த வெள்ளையரான ஹாங்க் அசாரியா 2020இல் அப்பணியிலிருந்து விலகினார். அந்தத் தேர்வுக் காட்சியை எழுதியவர்களின் தொடர்தான் இது. ஆனால் அமெரிக்கப் பள்ளிகளில் இந்தியப் பிள்ளைகளை நோக்கி வீசப்பட்டது உள்நாட்டுப் போர் பற்றிய அந்தப் பதில் அல்ல. கல்லாவில் நின்று அபு சொல்லும் 'நன்றி, மீண்டும் வருக' என்ற ஒற்றை வரி, அதுவும் அதே உச்சரிப்பில்.