தண்டம் யாருக்கு?

பிள்ளை பாடசாலைக்கு வராவிடின் பெற்றோரைக் கேள்வி கேட்கும் சட்டம் நம் நாட்டில் உண்டு. வந்த பிள்ளை வாசிக்கக் கல்லாவிடின் யாரைக் கேட்பது? 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தையும், அதன்கீழ் 1997இல் வெளியான கட்டாய வரவு ஒழுங்குவிதிகளையும் படிப்பவர் மனத்தில் எழ வேண்டிய முதற் கேள்வி இதுவே.

அவ்விதிகளின் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. 14 வயது என்றிருந்த எல்லை 2016இல் 16 ஆக உயர்ந்ததும் நற்செயலே. ஆயினும் பாலையூற்றை எண்ணிப் பாருங்கள். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய இத்தகைய ஊர்களில், நாட்கூலியை நம்பிய குடும்பத்தின் கதவை வரவுக் குழு தட்டும். மறுநாள் பிள்ளை வகுப்பில் அமரும். ஏழாந் தரத்தில் அமர்ந்து இரண்டாந் தரப் பாடத்தை எழுத்துக்கூட்டும் அப்பிள்ளைக்கு அதன்பின் என்ன? வரவு இடாப்பில் ஓர் அடையாளம். அத்தோடு சட்டத்தின் பார்வை நின்றுவிடுகிறது. ‘பரிகாரக் கற்பித்தல்’ என்னும் சொல் சுற்றறிக்கைகளில் உண்டு. அதனை நடத்தும் ஆசிரியர் யார், எந்த நேரத்தில் என்பதே கேள்வி.

அப்படியாயின் பெறுபேற்றைக் கொண்டு பாடசாலையைத் தண்டிக்கலாமே என்பர் சிலர். இது புதிய மருந்தன்று. 1862இல் இங்கிலாந்து, பரீட்சையில் தேறிய தலைகளை எண்ணிப் பாடசாலைகளுக்குப் பணம் கொடுத்தது. ஆங்கிலேயர் ஆண்ட இலங்கையிலும் அம்முறை புகுந்தது. ஆசிரியர்கள் மனனத்தைக் கற்பித்தார்கள். பரிசோதகராயிருந்த கவிஞர் மத்தியூ ஆர்னல்ட் அதனை வன்மையாகக் கண்டித்தார். 2002இல் அமெரிக்கா மீண்டும் அவ்வழியே சென்று, 2015இல் அச்சட்டத்தை மாற்றியது. சட்டமில்லாமலே நாமும் அதைத்தான் செய்கிறோம்: புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியும் சாதாரண தரச் சித்தி வீதமும் அதிபரின் மானமாகிவிட்டன. ஆசிரியத் தோழர்கள் கோபிக்க வேண்டாம். தேறக்கூடியவரை முன்வாங்கிலும் மற்றையோரைப் பின்வாங்கிலும் இருத்தியது யார்?

இந்தியாவின் 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபடி முன்னே சென்றது. ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் திறனையும் அறிந்து, வேண்டிய மேலதிகக் கற்பித்தலை அளிப்பதை அது ஆசிரியரின் கடமையாக்கிற்று. ஆசிரியர் தனிப்பட்ட முறையில் ரியூசன் கொடுப்பதைத் தடுத்தது. 2019இல் வந்த திருத்தமோ ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் பிள்ளையை மறித்துவைக்க மாநிலங்களுக்கு வழிவிட்டது. பள்ளியின் தோல்விக்குப் பிள்ளையே மீண்டும் தண்டம் இறுக்கிறது!

எனினும் அந்த மூலச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு வரி உண்டு: தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். நம் கட்டளைச் சட்டத்தைத் திருத்த முனைவோர் பெற்றோருக்கான தண்டத்தைக் கூட்டுமுன் அந்த அட்டவணையை எடுத்துப் படிக்கட்டும்.