களரியின் கையும் காயத்தின் பெயரும்

மிளகும் சுக்கும் மணக்கும் மட்டாஞ்சேரிப் பண்டகசாலைத் தெருவிலே மூட்டை சுமக்கிறவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டாலும் சரி, அடுத்துள்ள ஃபோர்ட் கொச்சியின் பரேட் மைதானத்தில் பந்தாடும் பையனுக்குக் கணுக்கால் புரண்டுவிட்டாலும் சரி, களரி ஆசானிடம் போய் எண்ணெய் தேய்த்து உழிந்துகொண்டு வா என்று சொல்ல வீட்டில் ஒரு பெரியவர் இருப்பார். அதே பையன் பின்னாளில் உடற்கல்விக் கல்லூரியிலோ பிசியோதெரபி வகுப்பிலோ சேர்ந்தால், காயங்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை அவன் மனப்பாடம் செய்யவேண்டியிருக்கிறது. ஆசானின் கை ஒரு வித்தை. பட்டியலின் பெயர்கள் மற்றொரு வித்தை. ஒரே ஊரில் இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாமல் வாழ்ந்துவருவது விளையாடுகிறவர்களுக்கு நஷ்டம் என்பதும், களரிச் சிகிச்சையின் குறை அதன் அறிவில் இருப்பதைவிட, அவ்வறிவைப் பெயரிட்டு வெளியில் வைக்காததிலேதான் மிகுதியாக இருக்கிறது என்பதும் என் துணிபு.

கேரளத்துப் போர்ப் பயிற்சிக் கூடமான களரியின் சிறப்பை முதலில் சொல்லிவிடுவது நியாயம். நாற்பத்திரண்டு அடி நீளமும் அதில் பாதி அகலமுமாகத் தோண்டப்பட்ட அந்தப் பள்ளத்தில் உடலைப் பழக்கும் மெய்த்தாரி, கோலெடுக்கும் கோல்தாரி, ஆயுதமெடுக்கும் அங்கத்தாரி, ஆயுதமில்லா வெறுங்கை என்று படிப்படியாக அப்பியாசம் செய்விக்கிறவரும், அந்த அப்பியாசத்தில் அடிபட்டவனுக்கு எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போடுகிறவரும் ஒரே மனிதர். சீடனுடைய இடுப்பு எந்த அளவுக்கு வளையும், எந்தக் கால் இயல்பாகவே சற்று வலுக்குறைந்தது என்பதையெல்லாம் அவன் நலமாக இருந்த நாளிலேயே கண்டறிந்தவராதலால், காயம் பட்ட அங்கத்தில் ஏற்பட்டிருக்கும் மாறுதல் அவர் விரலுக்கு உடனே புலனாகிறது. விளையாட்டு மருத்துவர்கள் இன்று பெரிதும் வேண்டி நிற்கிற, காயத்துக்கு முந்தைய நிலையைப் பற்றிய இந்த ஞானம் களரியில் குரு–சிஷ்ய உறவின் இயல்பான பலனாகக் கிடைத்துவிடுகிறது. சிகிச்சை முடிந்தவனை ஒரே நாளில் வாளும் கேடயமுமாக இறக்கிவிடாமல், மெய்த்தாரியின் எளிய அடவுகளிலிருந்தே மறுபடி தொடங்கச் செய்யும் நிதானமும் இந்த உறவுக்கு உரியதே.

இந்த மரபுக்கு ஆதாரமான சாஸ்திரமோ பெயரிடுவதில் சிறிதும் சோம்பியதன்று. சுசுருத சம்ஹிதை உடலில் அடிபடக்கூடாத இடங்களாக 107 மர்மங்களைக் கூறி, அவற்றை முதலில் அமைந்த இடத்தைக் கொண்டு மாமிசம் 11, சிரை 41, ஸ்நாயு என்னும் நார் 27, அஸ்தி என்னும் எலும்பு 8, சந்தி என்னும் மூட்டு 20 என்றும், பிறகு அடிபட்டால் நேரும் விளைவைக் கொண்டு உடனே உயிர் போக்குவன 19, நாளடைவில் போக்குவன 33, தைத்ததைப் பிடுங்கினால் கொல்வன 3, ஊனமாக்குவன 44, வலி மட்டும் தருவன 8 என்றும் இருவகையாகப் பகுத்துத் தருகிறது. மூட்டு நழுவுவதில் ஆறு வகையும் எலும்பு முறிவதில் பன்னிரண்டு வகையும் அது காட்டுகிறது. முறிவுக்குக் கட்டுப் போடும் முறையைச் சொல்லுமிடத்தில், தளர்வாகக் கட்டினால் சந்தி உறுதிப்படாது, இறுக்கிக் கட்டினால் வீக்கமும் வலியும் தோல் பழுத்துப்போவதும் உண்டாகும், ஆகவே நடுத்தரமாகக் கட்டுக என்று எச்சரித்து, குளிர்ந்த பருவத்தில் ஏழு நாளுக்கொருமுறையும், மிதமான பருவத்தில் ஐந்து நாளுக்கொருமுறையும், வெயிற்காலத்தில் மூன்று நாளுக்கொருமுறையும் கட்டை அவிழ்த்துக் கட்டச் சொல்கிறது. தமிழ்ச் சித்த மரபு, மர்மத்தை வர்மம் என்று வழங்கி, படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 வர்மங்களைக் கொண்டிருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள் போற்றுவது இந்தக் கணக்கையே.

இத்தகைய சாஸ்திரத்தின் வழிவந்த சிகிச்சை எங்கே தவறுகிறது? தனக்கு அடங்காத காயத்தை அடையாளம் கண்டு அப்பால் அனுப்புவதற்குரிய பொதுப் பரிபாஷை அதனிடம் இல்லாத இடத்தில் தவறுகிறது. தொடையில் முட்டி இடித்து ஊமைக்காயம் பட்டவனை எடுத்துக்கொள்வோம். உள்ளே கசிந்த ரத்தம் இன்னும் கட்டி நிற்கும் முதல் சில நாட்களில் அந்த இடத்தைச் சூடான எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்தால் கசிவு பெருகும். சில வேளை அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு படிந்து, முழங்காலை மடக்க முடியாதபடி பல மாதங்கள் வாட்டிவிடும். ஓடிப் பழகுகிறவளுடைய முன்னங்கால் எலும்பில், ஒருநாளும் விழாமலேயே, ஓட்டத்தின் ஓயாத அதிர்வினால் மயிரிழை போன்ற வெடிப்புக் காண்பதுண்டு; வெளிக்கு வீக்கமோ பிசகோ இல்லாமையால் அதை வாயு என்று எண்ணி உழிந்துவிட்டால், வலி தணிந்த தைரியத்தில் அவள் மறுபடி ஓடி எலும்பை முறித்துக்கொள்வாள். இறுகிய கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் கறுத்துப்போன பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களும் உண்டு. கட்டினவர் சுசுருதரின் எச்சரிக்கையை மறந்தார் என்றே சொல்லவேண்டும். தலையில் அடிபட்டுச் சற்று நேரம் திகைத்து நின்றவனை அன்றைக்கு மறுபடி ஆட்டத்தில் இறக்கலாகாது என்பது 2022ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்களின் கூட்டு முடிவிலும் வற்புறுத்தப்பட்ட விதி. அதற்கு எந்த எண்ணெயும் பரிகாரமாகாது.

பெயர் செய்யும் வேலை இங்கேதான் விளங்குகிறது. சுளுக்கு என்ற ஒரே சொல்லால் நாம் பல காயங்களைக் குறித்துவிடுகிறோம். சாஸ்திரத்தின் ஸ்நாயு என்ற சொல்லும் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் லிகமென்டையும், தசையை எலும்போடு பிணைக்கும் டெண்டனையும் தெளிவாகப் பிரித்துக் காட்டவில்லை. விளையாட்டு மருத்துவமோ முதலாவது கிழிந்தால் ஸ்ப்ரெய்ன், தசையோ டெண்டனோ கிழிந்தால் ஸ்ட்ரெய்ன் என்று பிரித்து, நார் நீண்டது, பாதி கிழிந்தது, முற்றும் அறுந்தது என்று மூன்று தரங்களையும் வகுக்கிறது. அடிபட்டவன் சொல்லும் உபாதை வேறு, பார்க்கிறவர் கண்டறியும் குறி வேறு. திடீரென்று நேர்ந்த காயம் வேறு, ஓயாத உழைப்பினால் நேர்ந்த காயம் வேறு என்ற பாகுபாடுகளும் அத்தகையனவே. கொச்சியில் பார்த்தவர் எழுதிய ஒரு வரியைக் கொண்டு கோழிக்கோட்டில் உள்ளவர் சிகிச்சையைத் தொடர முடிவது இதனால்தான்.

ஆயினும் பெயர்களை நம்பிக் கையை மறப்பதும் ஆபத்தே. 1978ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக்கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் ஆங்கில முதலெழுத்துக்களால் ‘ரைஸ்’ என்று கோத்துத் தந்தார். மாணவர் தலைமுறைகள் அதை மந்திரம்போல் ஜபித்தன. 2014இல் அவரே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். இடையில் 2012இல், முழு ஓய்வுக்குப் பதிலாகத் தகுந்த அளவு பாரம் ஏற்றுவதைச் சேர்த்து ‘போலீஸ்’ என்ற புதிய கோவை வந்தது. 2019இல் இன்னொன்று வந்தது. எழுத்துக்கோவையை மட்டும் கற்றவன் அது மாறும்போது திகைத்து நிற்பான். காயம் ஆறும் முறையைக் கற்றவனுக்குத் திகைப்பில்லை. ஸ்ட்ரெய்ன் என்ற பெயரே தெளிவற்றது, கிழிவு என்றே வழங்குக என்று மியூனிக்கில் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்ததையும் இங்கே நினைக்கவேண்டும்.

மேலும், மேனாட்டு முறையின் மிகச் சிறந்த விதிகளில் ஒன்று விரல் நுனியிலேயே நிற்கிறது. 1992இல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த கணுக்கால் விதிப்படி, வெளிக்கணுவும் உட்கணுவும் ஆகிய இரண்டின் பின்விளிம்பையும் நுனியிலிருந்து ஆறு சென்டிமீட்டர் உயரம் வரை அழுத்திப் பார்க்கவேண்டும்; நடுப்பாதத்தின் உட்புற எலும்பையும், சுண்டுவிரலுக்கு நேரே பின்னால் துருத்தி நிற்கும் எலும்பின் அடியையும் அவ்வாறே தொட்டுப் பார்க்கவேண்டும்; நான்கு அடி நடக்கச் சொல்லவேண்டும். எலும்பிலே வலியில்லை, நடக்கவும் முடிகிறது என்றால் எக்ஸ்ரே பெரும்பாலும் வேண்டுவதில்லை. இதைப் பட்டியலில் மட்டும் படித்த மாணவன் எலும்பை விட்டு, முன்புறத்தில் வீங்கிய நாரையே அழுத்தி வலியைப் பெருக்குவான்; களரியில் பழகிய கையோ தோலுக்கடியில் எலும்பின் ஓரத்தைத் தடவியே கண்டுகொள்ளும். அந்தக் கைக்கு வேண்டியதெல்லாம் இந்த விதி ஒன்றே.

ஆசான்கள் தங்கள் வித்தையை மறைத்துவைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கொல்லவல்ல இடங்களைக் குணம் சோதிக்காத ஒருவனுக்குக் காட்டுவது பாவம் என்ற அச்சம் மதிக்கத்தக்கது. ஆனால் அடிக்கும் இடத்தை மறைப்பது ஒன்று, ஆற்றும் வகையை மறைப்பது வேறு. பின்னதற்குத் தர்மத்தின் ஆதரவு கிடையாது. அறிவை வெளியிடுவதால் கேடில்லை என்பதற்கு இந்தக் கொச்சியே சாட்சி. இங்கே இருந்த டச்சுத் தளபதி வான் ரீடின் முயற்சியால், இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் தம் குலத்து ஏடுகளிலிருந்த மூலிகை அறிவைச் சொல்ல, ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணி அந்தணர்களும் துணைநிற்க, ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற தாவர நூல் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. குலத்தின் ரகசியம் பொதுவான சாஸ்திரமானதால் அவ்வறிவு குறைந்துபோகவில்லை. இட்டி அச்சுதனின் பெயரும் நிலைத்தது.

இன்று திருச்சூரில் கேரள அரசு நடத்தும் விளையாட்டு ஆயுர்வேத மருத்துவமனை இந்த வழியில் ஒரு நல்ல தொடக்கம். அதற்கு மேலும் செய்யவேண்டியவை மூன்று. ஒவ்வொரு களரியிலும் வந்த காயம், கண்ட குறி, செய்த சிகிச்சை, ஆறிய நாள் ஆகியவை பொதுப் பெயர்களால் ஏட்டில் எழுதப்படவேண்டும். உழியாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டிய காயங்கள் இன்னின்னவை என்று ஆசான்களும் மருத்துவர்களும் கூடி வரையறுக்கவேண்டும். உடற்கல்வி மாணவன் பட்டியலைப் படிக்கும் பருவத்திலேயே சில மாதங்கள் ஒரு தேர்ந்த ஆசானிடம் தொட்டறியும் பயிற்சி பெறவேண்டும். ஆசான்கள் அடிபட்ட இடத்தில் பூசும் முறிவெண்ணெயில் புங்கிலையும் வெற்றிலையும் முருங்கையும் கற்றாழையும் செய்வது என்ன என்ற கேள்விக்குக்கூட அந்த ஏட்டிலிருந்துதான் நேர்மையான பதில் தொடங்கமுடியும். இந்த ஏற்பாடு நடக்கும்வரை, கணுக்கால் புரண்ட பையன் எந்த வாசலுக்குப் போவது என்பதை அவன் வீட்டுப் பெரியவரின் வழக்கமே தீர்மானிக்கும். அதைத் தீர்மானிக்கவேண்டியது காயத்தின் தன்மை.